மூன்று கெட்டில் வெந்நீர்

நள்ளிரவோடு ஒப்பந்தம் காலாவதி.
காலை ஏழு ஐந்துக்கு முதல் போன்.
பத்து மணிக்குள் பதினேழு.
எல்லோர் வாயிலும் என் பெயர்
வெல்லப்பாகாய் வழிந்தது:
எப்படி இருக்கிறீர்கள், ஆரின்?
வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்களாம் ஒருவனிடம்.
ஆறு மாதமாய் அந்த வரிசை
எந்தத் தெருவில் நின்றதோ.

பன்னிரண்டாவது ஆளிடம்
வீடு எரிந்துவிட்டது என்றேன்.
அடடா என்றான்,
மனையை மட்டும் விற்கலாமே என்றான்.

டுலூத்தில் ஜனவரி.
ஏரியின் மேல் ஆவி எழுந்து நிற்கும் குளிர்.
பழைய கம்பெனிக்காரர்கள்
பலகையைக் கழற்றிக்கொண்டார்கள்,
கம்பத்தை மண் விடவில்லை.
வாசலில் வெறுங்கம்பம்,
தூக்குமரத்தின் தங்கை மாதிரி.

விலைபோகாத மாடு
சந்தையிலிருந்து வீடு திரும்பும்.
விலைபோகாத வீடு
எங்கே திரும்பும்?

ட்வைலா ஹொக்கனென் போன் செய்யவில்லை.
கையால் எழுதிய கடிதம் ஒன்று:
உங்கள் வீட்டின் இருபத்துநாலு படங்களையும் பார்த்தேன்,
ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை.
வியாழன் மூன்று மணிக்கு வருகிறேன்.
வேண்டாமென்றால் வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்,
திரும்பிவிடுவேன்.

வாசல் பல்பு போய் இரண்டு மாதம்.

பூட்ஸைக் கழற்றினாள். ஒரு காலுறையில் ஓட்டை.
கோப்பு எதையும் திறக்கவில்லை.
முந்தைய ஏஜென்ட்டை அவள் திட்டவில்லை,
நான்தான் திட்டினேன், நாற்பது நிமிடம்.
முடிக்கையில்
எனக்கே அலுத்துவிட்டது.

காலைக் காப்பியை எங்கே உட்கார்ந்து குடிப்பீர்கள்?
மாடிப்படியில். ஆறாம் படி.
போய் அங்கேயே உட்கார்ந்தாள்.
இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே
ஒரு கீற்று ஏரி.
அதில் இந்தப் பருவத்தின் கடைசித் தாதுக்கப்பல்
எறும்பு அரிசியை இழுப்பதுபோல் போனது.
இது ஏன் படத்தில் இல்லை என்றாள்.
யாரும் உட்காரவில்லை என்றேன்.

எழுந்திருக்காமலே அடுத்ததைக் கேட்டாள்:
இந்த விலையைச் சொன்னது யார்?

மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர்.
லோர்னாவுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியது,
வங்கிக்கு மிச்சம்,
வக்கீலுக்கு,
கூட்டி அடியில் கோடு போட்டது நான்.
அதை வாய்விட்டுச் சொன்னது
அன்றுதான்.

அது உங்கள் கடனின் விலை, ஆரின்.
வருகிறவன் கூரையைப் பார்ப்பான்,
அடுப்படியைப் பார்ப்பான்,
உங்கள் விவாகரத்தையா பார்ப்பான்?
முப்பதாயிரம் அதிகம்.

கோபம் சுருக்கென்று வந்தது,
வந்த வேகத்தில் உட்கார்ந்தது.
பதினேழு பேர் என்னை ஏற்றிவிடப் பார்த்தார்கள்.
இவள் இறக்கிவிட்டாள்.
காலுக்குக் கீழே தரை தட்டியது.

கையெழுத்துக்குப் பேனா தேடினேன், அகப்படவில்லை.
இன்றைக்கு வேண்டாம் என்றாள்.
ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள்.
போட்டால் அறுபது நாள்,
பிடிக்காவிட்டால் என்றைக்கும் என்னை விலக்கலாம்,
அதையும் எழுத்திலேயே தருகிறேன்.
கதவருகே நின்றாள்:
கெட்டில் இருக்கிறதா?

மூன்று கெட்டில் வெந்நீர்
கம்பத்தின் அடியில்.
ஆவியில் அவள் முகம் காணாமல் போனது.
அவள் ஒரு பக்கம் ஆட்ட
நான் ஒரு பக்கம் ஆட்ட
சொத்தைப் பல்லாய்க் கையோடு வந்தது.
வேலியோரம் சாய்த்து வைத்தாள்,
அவர்களுடையது, கேட்டால் கொடுங்கள் என்று.

ராத்திரி தூங்கவில்லை.
வாசல் குழியைப் பனி நிரப்புவதை
ஆறாம் படியிலிருந்து பார்க்க முடியாது,
இருந்தும் அங்கேதான் இருந்தேன்.
ஒன்பது மணிக்குப் போன். அந்தப் பன்னிரண்டாவது ஆள்.
ஆரின், அந்த மனை விஷயம்...
வீடு எரியவில்லை அய்யா என்றேன்,
விலைதான்.

பேனா அகப்பட்டது,
ஸ்பூன்களுக்கு அடியில்.